அவசரம் வயலில் இருக்கிறது

எல்லோருக்கும் வணக்கம். மோட்டார், பம்ப்செட் கடைகளில் கல்லாவுக்கு முன்னால் நின்று விற்கிற தம்பி தங்கைகள்தான் இங்கே அதிகம். அதனால் ஒரே ஒரு விஷயம் பேசுகிறேன். வருகிறவருக்கு மோட்டார் இன்றைக்கே வேண்டுமா, அடுத்த மாதம் போதுமா? இதை எப்படித் தெரிந்துகொள்வது?

கடை வைத்த புதிதில் நான் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். ஒரு சித்திரை மாதம், ஒருவர் வேகமாக வந்து, "7.5 எச்பி சப்மெர்சிபிள் மோட்டார் என்ன விலைங்க, சீக்கிரம் சொல்லுங்க" என்றார். கை வேலையை விட்டுவிட்டு அவரிடம் ஓடினேன். ஓரமாக ஒரு பெரியவர் நின்றிருந்தார். அவரும் விலைதான் கேட்டார், மெதுவாக. சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். வேகமாக வந்தவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. அவர் போர்வெல் போடப்போவதே தை மாதத்தில். பெரியவர் தோட்டத்திலோ மோட்டாரின் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், எரிந்து நான்கு நாள். தார் போட்ட வாழை. அவர் வேறு ஊரில் வாங்கி மாட்டுவதற்குள் தாரெல்லாம் சிறுத்துப்போனதாகப் பிறகு தெரிந்தது. இன்றும் வாழைத்தோப்பைக் கடந்து போனால் அவர் நின்ற இடம்தான் ஞாபகம் வருகிறது.

அதன்பிறகு பயிரைக் கேட்க ஆரம்பித்தேன். நெல்லில் கதிர் வெளிவந்து பூக்கிற நாட்களில் தண்ணீர் நின்றால் பதராகிவிடும். அதற்கப்புறம் எவ்வளவு பாய்ச்சினாலும் அந்தப் பதர் மணியாகாது. தென்னை அப்படியில்லை. இன்றைய வறட்சி, காய் குறைவாகப் பல மாதம் கழித்துத்தான் தெரியும். அதனால் தோப்புக்காரர் நான்கு கடை ஏறி விலை கேட்பார். கேட்கட்டும், அவரை நெருக்காதீர்கள்.

அடுத்து, "பழைய மோட்டார் இப்போ எங்கே இருக்குங்க?" என்று கேளுங்கள். போருக்குள்ளேயே இருக்கிறது என்றால், தூக்குவதற்கே அவர் இன்னும் ஆள் சொல்லவில்லை. காயில் கட்டக் கொடுத்திருக்கிறார் என்றால், அந்தச் செலவையும் புது மோட்டார் விலையையும் மனதுக்குள் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வெளியே எடுத்துப் போட்டு, பைப்பெல்லாம் வரப்பில் கிடக்க, கூலியாட்கள் காத்திருக்கிறார்கள் என்றால், அவருக்கு நாளை என்பதே இல்லை. பக்கத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் விட யாராவது இருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். அப்படி ஒருவர் இருந்தால் ஒரு வாரம் கிடைக்கும்.

அவசரத்தில் வருகிறவரிடம்தான் போரின் அகலம், ஆழம், தண்ணீர் மட்டம், வோல்டேஜ் எல்லாம் கூடுதல் கவனமாகக் கேட்கவேண்டும். அவர் எரிச்சல்படுவார், பரவாயில்லை. ஸ்டேஜ், அதாவது தண்ணீரை மேலே தள்ளும் சுழலி அடுக்கு, குறைந்த பம்பை ஆழமான போரில் இறக்கிவிட்டால் தண்ணீர் மேலே வராது. மறுபடி தூக்கும் கூலி, மறுபடி இரண்டு நாள். பயிர் அதுவரை பொறுக்காது.

இல்லாத அவசரத்தை உண்டாக்குகிறவர்களும் நம் தொழிலில் இருக்கிறார்கள். "கடைசி பீஸ்", "நாளைக்கு விலை ஏறுது" என்பார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இணைய விற்பனையை மனதில் வைத்து 13 ஏமாற்று முறைகளைப் பட்டியலிட்டது. அதில் முதலாவதே பொய் அவசரம்தான். விவசாயியிடம் அதைச் செய்வது பாவம் என்றே சொல்வேன். நகையை அடகு வைத்துவிட்டு வருகிறவர் அவர்.

பணம் இல்லாமல் அவசரம் மட்டும் இருக்கிறவர்களும் வருவார்கள். பழைய மோட்டாரின் பாடி நன்றாக இருந்தால் காயில் கட்டினால் போதும் என்று சொல்லிவிடுங்கள். கட்டி முடிகிற இரண்டு மூன்று நாளுக்காக என் கடையில் பழைய மோட்டார்கள் இரண்டை, 5 எச்பியில் ஒன்று, 7.5இல் ஒன்று, ஓடும் நிலையில் வைத்திருக்கிறேன். வாடகை கிடையாது. யாருக்கு முதலில் கொடுப்பது என்பதைப் பயிரைக் கேட்டுத்தான் பையன்கள் முடிவு செய்கிறார்கள். இன்றைக்கு இரண்டுமே கடையில் இல்லை. ஒன்று வெங்காயக் காட்டில் ஓடுகிறது, இன்னொன்று கதிர் வந்த நெல் வயலில்.