தட்டினால் உயிர் வரும் மீட்டர்: முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா?

அடுத்த கேள்விக்கு வருவோம். நேயர் ஒருவர் விரிவாகவே எழுதியிருக்கிறார், சுருக்கி வாசிக்கிறேன். ‘என் காருக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரில் எல்லா முட்களும் ஒன்றாகக் கீழே விழுந்துவிடுகின்றன. எச்சரிக்கை விளக்குகளும் விட்டு விட்டு எரிகின்றன. டேஷ்போர்டைத் தட்டினால் எல்லாம் திரும்ப வந்துவிடுகிறது. வண்டி ஓடிச் சூடான பிறகுதான் தொல்லை அதிகம். முழு மீட்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். பழையதையே சரி செய்ய முடியாதா? மாற்றினால் கிலோமீட்டர் கணக்கு என்ன ஆகும்?’

சரி செய்யவே முடியும், அதுவும் நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் பழுது மீட்டருக்குள்தான் இருக்கிறது என்று நிரூபிக்கும் வரை அதைக் கழற்றவும் வேண்டாம், புதிதாக வாங்கவும் வேண்டாம். மீட்டர் என்பது காட்டும் இடம் மட்டும்தான். அதற்குக் கரண்ட் வரும் வழி, எர்த் (கரண்ட் காரின் பாடி வழியாக பேட்டரி நெகடிவுக்குத் திரும்பும் இணைப்பு) போகும் வழி, தகவல் அனுப்பும் சென்சார் எல்லாம் வெளியே இருக்கின்றன. புது மீட்டரை மாட்டிய பிறகும் அதே தொல்லை தொடர்ந்தால், பணமும் போய் நம்பிக்கையும் போய்விடும்.

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. எல்லா முட்களும் ஒன்றாக விழுகின்றன என்கிறீர்கள். எரிபொருள் சென்சார், வெப்ப சென்சார், வேக சென்சார் மூன்றும் ஒரே நொடியில் கெட்டு, தட்டியதும் ஒரே நொடியில் குணமாக வாய்ப்பில்லை. ஆக, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு இடத்தில்தான் தொடர்பு அறுந்து சேர்கிறது. அந்தப் பொது இடங்கள் என்று பார்த்தால் ஃப்யூஸ், இக்னிஷன் சுவிட்சிலிருந்து வரும் வயர், எர்த், மீட்டரின் பின்னால் உள்ள கனெக்டர், அப்புறம் மீட்டரின் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுக்குள் கரண்ட் நுழையும் பகுதி. தட்டினால் சரியாகிறது என்பதால் லூஸ் காண்டாக்ட் என்பதும் தெளிவு.

முதலில் ஃப்யூஸ். எரிந்துவிட்டதா என்று பார்ப்பதோடு விடாமல், கழற்றி அதன் கால்களில் பச்சை பூத்திருக்கிறதா, ஃப்யூஸ் பெட்டியில் இறுக்கமாக உட்கார்கிறதா என்று பாருங்கள். அடுத்தது எர்த். இதை மட்டும் பொறுமையாகச் செய்யுங்கள், ஏனென்றால் பழைய கார்களில் எர்த் கோளாறு மீட்டர் கோளாறு மாதிரியே வேஷம் போடும். ஹெட்லைட் போட்டால் முட்கள் இடம் மாறுகின்றனவா? இண்டிகேட்டர் அடிக்கும்போது எரிபொருள் முள் கூடவே துடிக்கிறதா? அப்படியானால் எர்த்தை நன்றாகவே சந்தேகப்படலாம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் நெகடிவிலும் சிவப்பு முனையை மீட்டர் கனெக்டரின் எர்த் பின்னிலும் (உலோக ஊசியிலும்) வையுங்கள். சாவி போட்டு, விளக்குகள் எல்லாம் எரியும்போது அளக்க வேண்டும். 0.1 வோல்ட் அளவில் இருந்தால் நல்ல எர்த். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் கோளாறு அங்கேதான். டேஷ்போர்டின் அடியில் பாடியோடு போல்ட் வைத்து இறுக்கியிருக்கும் எர்த் முனையைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பில் திரும்ப இறுக்குங்கள்.

பாசிட்டிவ் பக்கமும் அப்படித்தான். பெரும்பாலான எலக்ட்ரானிக் மீட்டர்களுக்கு இரண்டு கரண்ட் வரும். ஒன்று பேட்டரியிலிருந்து எப்போதும் இருப்பது, மற்றது சாவி போட்டால் மட்டும் வருவது. இரண்டிலும் பேட்டரி வோல்ட்டேஜுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: வெறும் மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே எல்லா இழையும் அறுந்து ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் அது 12 வோல்ட் என்று காட்டிவிடும். ஒரு சின்ன டெஸ்ட் பல்பைப் போட்டுப் பாருங்கள், மங்கலாக எரிந்தால் அந்த வயரில் பலம் இல்லை. இக்னிஷன் சுவிட்சின் காண்டாக்ட் தேய்ந்திருந்தாலும் இதே தொல்லை வரும். சாவியை லேசாக அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இவை எல்லாம் நன்றாக இருந்து, கனெக்டரைப் பிடித்து அசைக்கும்போது மீட்டர் போய் வந்தால், கோளாறு கனெக்டரிலோ போர்டிலோ இருக்கிறது. இப்போது மீட்டரைக் கழற்றலாம். பேட்டரி நெகடிவைக் கழற்றிவிடுங்கள். ஏர்பேக் உள்ள கார் என்றால், அதன் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்துவிட்டு ஸ்டீயரிங் பக்கம் கை வையுங்கள். சில கார்களில் வேகமானிக்கு கேபிள் வரும், அதைக் கழற்றாமல் இழுத்தால் முறிந்துவிடும். கனெக்டரின் கிளிப்புகள் இருபது வருட வெயிலில் காய்ந்து போயிருக்கும், ஆகவே அவசரம் வேண்டாம்.

சூடான பிறகு தொல்லை அதிகம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது சால்டர் (பாகங்களைப் போர்டில் ஒட்டவைக்கும் உலோகப் பற்று) விரிசலைக் காட்டுகிறது. காரணம் எளிது. உலோகப் பின் ஒரு அளவு விரியும், போர்டு வேறு அளவு விரியும். தினமும் சூடாகி ஆறி, கூடவே சாலை அதிர்வும் சேர்ந்து, பின்னைச் சுற்றியுள்ள சால்டரில் மெல்லிய வட்ட விரிசல் விழுகிறது. ஆறியிருக்கும்போது ஒட்டிக்கொள்ளும், சூடேறியதும் விலகும். வெறும் கண்ணுக்குச் சுலபமாகத் தெரியாது. லென்ஸும் சாய்வாக அடிக்கும் டார்ச் வெளிச்சமும் வேண்டும். முதலில் பார்க்க வேண்டியவை கனெக்டரின் பின்கள், அடுத்து வோல்ட்டேஜ் ரெகுலேட்டரின் கால்கள், அப்புறம் பெரிய கெபாசிட்டர்கள். கனமான பாகம், சூடாகும் பாகம், வெளியிலிருந்து இழுபடும் பாகம், இவைதான் விரிசல் விடும்.

விரிசல் தெரிகிறதோ இல்லையோ, கனெக்டர் பின்கள் எல்லாவற்றையும் மறுபடி சால்டர் செய்வதே என் கருத்தில் நல்லது. பழைய சால்டர் மேலேயே புதிதைப் பூசாதீர்கள். ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாக ஒட்ட உதவும் பசை) தடவி, பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். அந்தக் காலத்துப் போர்டுகளில் பெரும்பாலும் ஈயம் கலந்த சால்டர்தான். 63/37 கலவை (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) 183 டிகிரி செல்சியஸில் உருகும், சால்டரிங் அயர்னை 330 முதல் 350 டிகிரிக்குள் வைத்து ஒவ்வொரு பின்னிலும் இரண்டு மூன்று நொடிக்கு மேல் நிற்காதீர்கள். அதிக நேரம் வைத்தால் போர்டின் செம்புத் தடமே பெயர்ந்து வந்துவிடும், பிறகு வேலை இரட்டிப்பாகும். முடித்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஃப்ளக்ஸைத் துடையுங்கள். ஆனால் டயல் பக்கமும் கண்ணாடி பக்கமும் அது படக்கூடாது. அங்கே தின்னரோ பெட்ரோலோ பட்டால் எழுத்தும் பிளாஸ்டிக்கும் கெட்டுவிடும்.

போர்டு கையில் இருக்கும்போதே எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களையும் பாருங்கள். தலை உப்பியிருந்தாலோ அடியில் ஈரக்கறை இருந்தாலோ மாற்றிவிடுங்கள். மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட்டேஜ் அதே அளவு அல்லது கொஞ்சம் கூடுதல், 105 டிகிரி தாங்கும் ரகம். பிளஸ் மைனஸ் மாறக்கூடாது. போர்டு இல்லாமல் வளையும் பிளாஸ்டிக் தாளில் செம்புத் தடம் அச்சிட்ட இன்னும் பழைய மீட்டர் என்றால், அங்கே அயர்னை வைக்காதீர்கள், தாள் உருகிவிடும். அதில் கனெக்டர் தொடும் இடம் தேய்ந்திருக்கிறதா, தடம் மடிப்பில் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு முக்கியமான விஷயம், முட்களைத் தொடாதீர்கள். பல மீட்டர்களில் சால்டர் வேலைக்குப் பின்பக்கம் மட்டும் போதும். முள்ளைப் பிடுங்க வேண்டியது மோட்டாரை மாற்றும்போதுதான். எலக்ட்ரானிக் மீட்டர்களில் ஒவ்வொரு முள்ளுக்கும் பின்னால் ஒரு சின்ன ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாகத் திரும்பும் மோட்டார்) இருக்கும். ஒரே ஒரு முள் மட்டும் ஒட்டிக்கொண்டாலோ தாறுமாறாகச் சுற்றினாலோ, அந்த மோட்டாரைச் சந்தேகிக்கலாம். பரவலாகப் பயன்படும் எக்ஸ்27 வகையில் இரண்டு காயில்கள் உண்டு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 280 ஓம் காட்டும். ஒரு காயில் அறுந்து கரண்ட் போகாமல் இருந்தாலே மோட்டார் போய்விட்டது என்று அர்த்தம். மாற்றிய பிறகு முள்ளை எங்கே உட்கார வைக்கிறீர்கள் என்பதில்தான் மீட்டரின் நம்பகத்தன்மை இருக்கிறது. சாவியைப் போட்டு எடுத்து மோட்டாரைப் பூஜ்ஜியத்துக்குப் போகவிட்டு, அப்புறம் முள்ளை மெதுவாக அழுத்துங்கள். வேகத்தை ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதே மாதிரித் தொல்லை உள்ள மற்றவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இன்னும் பழைய கார்களில், முள் மெதுவாக ஊர்ந்து ஏறும் ரக மீட்டர் இருக்கும். அவற்றில் எரிபொருளுக்கும் வெப்பத்துக்கும் பொதுவாக ஒரு வோல்ட்டேஜ் ஸ்டெபிலைசர் உண்டு, பல கார்களில் அது சராசரியாக 10 வோல்ட் தரும். இரண்டு முட்களும் ஒன்றாகக் கூடுதலாகக் காட்டினால் அதன் எர்த்தையும், இரண்டும் ஒன்றாகச் செத்தால் அதற்குக் கரண்ட் வருகிறதா, அதிலிருந்து வெளியே வருகிறதா என்பதையும் பாருங்கள். ஒரு முள் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் சென்சாரும் அதன் வயரும்தான் முதல் சந்தேகம்.

சார்ஜ் விளக்கையும் (பேட்டரி படம் போட்ட எச்சரிக்கை விளக்கு) அலட்சியப்படுத்தாதீர்கள். பல பழைய கார்களில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கான தொடக்கக் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. சாவி போட்டதும் பல்பு எரியாவிட்டால் பேட்டரியே சார்ஜ் ஆகாமல் போகலாம். மீட்டர் சரியாகும் வரை, வெப்ப முள்ளும் ஆயில் விளக்கும் நம்ப முடியாத நிலையில் இருக்கும் காரைத் தூரப் பயணத்துக்கு எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எஞ்சின் சூடேறுவதைச் சொல்ல அங்கே வேறு யாரும் இல்லை.

கடைசியாகக் கிலோமீட்டர் கணக்கு. எண் திரையில் தெரியும் மீட்டர்களில், அது பொதுவாகப் போர்டிலேயே உள்ள ஒரு சின்ன மெமரி சிப்பில் இருக்கும். அதே போர்டைச் சரி செய்தால் எண் மாறாது. பழுதுபார்ப்பை நான் முதலில் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். வேறு காரின் மீட்டரை வாங்கி மாட்டினால் அந்தக் காரின் எண்தான் வரும். விவரம் தெரிந்தவர் உங்கள் காரின் உண்மையான எண்ணை அதில் எழுதித் தரலாம், ஆனால் மாற்றிய தேதியையும் இரண்டு எண்களையும் சர்வீஸ் பதிவில் குறித்து வையுங்கள். எண்ணைக் குறைத்து எழுதுவது பல நாடுகளில் குற்றம், வாங்குபவரை ஏமாற்றுவதும்கூட. இன்னொன்று, 1990களின் பிற்பகுதியிலிருந்து வந்த சில கார்களில் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாவிட்டால் எஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. அங்கே வேறு மீட்டரை மாட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடும். உங்கள் மாடல் அந்த வகையா என்று கேட்டுவிட்டு அப்புறம் வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

எர்த் பின்னில் எத்தனை வோல்ட் வந்தது, கனெக்டரை அசைத்தபோது என்ன நடந்தது, இந்த இரண்டையும் எழுதி அனுப்புங்கள். கூடவே கார் மாடலையும் ஆண்டையும் சொன்னால் அடுத்த பதிவில் அதிலிருந்தே தொடரலாம்.