பெற்ற பிள்ளையைவிட ஒரு துண்டு பன்றிக்கறி மேலா? ஹாங்காங் சார் சியு நம் அடுப்பில்

"உன்னைப் பெற்றதற்கு ஒரு துண்டு சார் சியுவைப் பெற்றிருக்கலாம்!"

பிள்ளை மேல் கோபம் வந்தால் ஹாங்காங் அம்மாக்கள் சொல்கிற வசனம் இது. சார் சியு என்பது இனிப்பு மசாலாவில் ஊறவைத்து, தீயில் வாட்டி, தேன் பூசிய பன்றிக்கறி. அதைப் பெற்றிருந்தால் சாப்பிடவாவது ஆகியிருக்குமாம். இதைக் கேட்டதும் எனக்கு நம் ஊர் அம்மாக்கள்தான் ஞாபகம் வந்தார்கள். "உன்னப் பெத்ததுக்கு ஒரு அம்மிக்கல்லப் பெத்திருந்தா அரைக்கவாவது ஆகியிருக்கும்." "ஒரு தென்னம்பிள்ளைய வச்சிருந்தா இளநீராவது குடிச்சிருப்பேன்." அதே திட்டு, அதே தொனி! நமக்குக் கல்லும் மரமும், அவர்களுக்குக் கறி. உங்கள் அம்மா எதைப் பெற்றிருக்கலாம் என்று சொன்னார்? கீழே எழுதுங்கள், ஒன்று விடாமல் படிப்பேன்.

பெயர்க் கதை ஒரே வரிதான். சார் என்றால் கவைக்கம்பி, சியு என்றால் சுட்டது.

(காட்சி: கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகத் தொங்கும் சிவந்த கறி)

ஹாங்காங் வீட்டுச் சமையலறைகள் சின்னவை, பலவற்றில் ஓவன் வைக்க இடமிருக்காது. அதனால் சாயங்காலம் கடைக்குப் போய் வெட்டி வாங்கி வருவார்கள். அங்கே கேட்கும் விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. "பூன் ஃபேய் சௌ" என்றால் பாதி கொழுப்பு, பாதி சதை. "நுங் பின்" என்றால் ஓரம் கருகியது. ஆமாம், கருகலைக் கேட்டு வாங்குகிறார்கள்! என்னைக் கேட்டால் சார் சியுவின் உயிரே அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. சிவப்பு நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அது சிவப்புப் பூஞ்சை வளர்த்த அரிசி சேர்த்துப் புளிக்கவைத்த தோஃபுவிலிருந்து (சோயாப் பாலில் செய்கிற பனீர் மாதிரி) வருவது. பல கடைகளில் வெறும் கலர் பொடி. நாம் தோஃபு சேர்க்கப் போவதில்லை, கறி பழுப்பாக வரும், ருசி கெடாது.

சரி, வீட்டுக்கு வருவோம். 1 கிலோ பன்றிக்கறி, கழுத்து அல்லது தோள்பட்டைப் பகுதி. வெறும் சதை வேண்டாம், சக்கை மாதிரி ஆகிவிடும். 4 செ.மீ. தடிமனில் நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். ஹொய்சின் சாஸ் (சோயா விழுதில் செய்கிற இனிப்பான சீனச் சாஸ்) 3 மேசைக்கரண்டி, சோயா சாஸ் 2, சர்க்கரை 3, நசுக்கிய பூண்டு 4 பல், ஐந்து மசாலாப் பொடி அரைத் தேக்கரண்டி. அந்த ஐந்தில் அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு நான்கும் நம் பிரியாணி டப்பாவிலேயே இருக்கின்றன; சிச்சுவான் மிளகு மட்டும்தான் வெளியூர். எல்லாவற்றையும் கலந்து, கறியைப் போடுவதற்கு முன்பே 3 கரண்டி தனியே எடுத்து வையுங்கள். பச்சைக் கறி ஊறிய சாற்றைக் கடைசியில் பூசக்கூடாது. ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி முழுக்க ஊறட்டும்.

கடையில் கறி தொங்கிக்கொண்டே வேகும், சுற்றிலும் சூடு படும். நமக்கு ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன் போதும். கம்பித்தட்டின் மேல் கறி, கீழ்த் தட்டில் அரை அங்குலம் தண்ணீர். தண்ணீர் இல்லையென்றால் சொட்டுகிற சர்க்கரை கருகி வீடு முழுக்கப் புகைதான். 200 டிகிரியில் 20 நிமிடம், திருப்பிப் போட்டு இன்னும் 15.

இனி கடைசியில் பூசுகிற மால்டோஸ். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கோதுமையை முளைகட்டி, வெந்த பசையரிசியோடு சேர்த்து வைத்தால், முளையில் உள்ள நொதி மாவுச்சத்தை இனிப்பாக மாற்றிவிடும். அதைக் காய்ச்சினால் மால்டோஸ் பாகு. முளைகட்டிய கேழ்வரகு மாவு லேசாக இனிக்கிறதே, அதே வேலைதான்! தேனைவிட இனிப்பு குறைவு, கெட்டி பல மடங்கு. அதனால் வழிந்து ஓடாமல் கறியைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி போல மின்னும். கரண்டியைத் தண்ணீரில் நனைத்துத்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் விடாது. கிடைக்கவில்லையா? தேனை இரண்டு மூன்று முறை பூசுங்கள்.

எடுத்து வைத்த சாற்றில் 2 கரண்டி மால்டோஸைச் சூடாக்கிக் கரைத்து, கறியின் எல்லாப் பக்கமும் பூசுங்கள். மேல் கம்பியை மட்டும் முழுச் சூட்டில் வைத்து 3 முதல் 5 நிமிடம். இந்த நேரத்தில் போனை எடுக்காதீர்கள்! அடுப்புக் கண்ணாடியிலேயே கண் இருக்கட்டும். ஓரம் குமிழ்விட்டுக் கறுக்கத் தொடங்கியதும் வெளியே எடுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 70 டிகிரி தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

(காட்சி: கத்தி இறங்கும் நெருக்கக் காட்சி)

10 நிமிடம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே வெட்டிச் சுடுசோற்றின் மேல் அடுக்குங்கள். பலகையில் வழிந்த சாற்றையும் மேலே ஊற்றுங்கள். கருகிய ஓரத் துண்டை வெட்டுகிறவர் அங்கேயே வாயில் போட்டுக்கொள்ளலாம், அது சமைத்தவருக்கான பங்கு.