மடுவம் தூரமானால்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆனி, ஆடி மாதத்து மழையில் நம் மலையகத்தில் வட்டவளைப் பக்கம் படங்கும் கம்பளியும் இல்லாமல் யாரும் கொழுந்து எடுக்க மலைக்குப் போக முடியாது. அதே நாளில் வெலிமடையில் வறண்ட கச்சான் காற்றடிக்கும். அங்கே மரக்கறித் தோட்டத்துக்கு மோட்டர் போட்டுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பார்கள். காகம் பறக்கிற கணக்கில் பார்த்தால் இரண்டு ஊருக்கும் இடையே 40 கிலோமீற்றர் அளவுதான். நடுவில் மலைத்தொடர் நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கணினி வானிலையைக் கணிக்கும்போது வானத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு பெட்டிக்கு ஒரு மழை, ஒரு காற்று. பெட்டி பெரிதாக இருந்தால் நம்முடைய மலைமுகடு அதற்குள் கரைந்துபோகும். சரி, பெட்டியின் பக்கத்தைப் பாதியாக்குவோம் என்றால் பெட்டிகள் 4 மடங்காகும். கணக்குப் போடும் கால இடைவெளியையும் பாதியாக்க வேண்டும், ஆகவே வேலை சுமார் 8 மடங்கு.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் இல்லை. சுவிற்சர்லாந்தும் மலைநாடுதான். அந்நாட்டு வானிலைச் சேவை 2016இல் தன் முன்னறிவிப்பை ஜிபியு என்ற சில்லு பொருத்திய கணினிக்கு மாற்றி, பெட்டியின் பக்கத்தை 2.2 கிலோமீற்றரிலிருந்து 1.1க்குக் கொண்டுவந்தது. ஒரு நாட்டின் வானிலைச் சேவை அன்றாட வேலைக்கு ஜிபியுவை நம்பியது அதுதான் முதல் தடவை. கணினிக்குப் பிட்ஸ் கெஷ் என்று ஒரு மலையின் பெயரையே வைத்திருந்தார்கள்.

அவர்களுடைய நிரல் வானிலை விஞ்ஞானிகள் பல வருடமாக ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழியில் எழுதிவந்தது. காற்றோட்டத்தைக் கணக்கிடும் நடுப்பகுதியை மட்டும் சி பிளஸ் பிளஸ்ஸில் புதிதாக எழுதினார்கள். மேகம், மழை, வெயில் சம்பந்தப்பட்ட பகுதிகளைப் பெரும்பாலும் ஃபோர்ட்ரானிலேயே வைத்துக்கொண்டு, லூப்புகளுக்கு, அதாவது ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடும் சுற்றுகளுக்கு, மேல் ஒவ்வொரு வரி சேர்த்தார்கள். அந்த ஒற்றை வரியைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். அதற்குப் பெயர் டைரக்டிவ், தமிழில் பணிப்பு என்போம்.

ஜிபியு என்பது விளையாட்டுகளுக்குப் படம் வரையப் பிறந்த சில்லு. அதற்குள் ஆயிரக்கணக்கான சின்னக் கருக்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. 2007இல் என்விடியா கூடா என்ற வழியைக் கொடுத்து, விஞ்ஞானக் கணக்கையும் அதில் போடலாம் என்றது. ஆனால் நிரலை அதற்கேற்ற மாதிரித் திருப்பி எழுத வேண்டும். பல்லாயிரம் வரியை யார் எழுதுவது? 2011 நவம்பரில் என்விடியா, கிரே, பிஜிஐ, காப்ஸ் என்ற நான்கு நிறுவனங்கள் சேர்ந்து, திருப்பி எழுதாமல் பணிப்பு வரிகளைச் சேர்த்தே ஜிபியுவில் ஓடவிடும் ஓப்பன் ஏசிசியை அறிவித்தன. சாதாரணக் கருக்களுக்கு வேலையைப் பிரிக்கும் பணிப்புகளாக 1997இலிருந்தே இருந்த ஓப்பன் எம்பி, 2013இல் வந்த 4.0 பதிப்பில் இதே வசதியைச் சேர்த்துக்கொண்டது.

வானொலியில் நிரல் வாசிப்பது கொஞ்சம் வேடிக்கைதான். பொறுத்துக்கொள்ளுங்கள்: ஆச்சரியக்குறி, டாலர் குறி, ஏசிசி, பேரலல், லூப். முடிந்தது. ஃபோர்ட்ரானில் ஆச்சரியக்குறியில் தொடங்கும் வரி வெறும் குறிப்பு. நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றுவது தொகுப்பான். விவரம் தெரியாத தொகுப்பான் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும், நிரல் பழையபடி ஓடும். விவரம் தெரிந்த தொகுப்பான் கீழே உள்ள லூப்பைப் பிரித்து ஆயிரம் கருக்களுக்குக் கொடுக்கும். ஒரே நிரல் இரண்டு இடத்திலும் ஓடுகிறது.

எதைப் பேசினாலும் இவன் தேயிலையில் கொண்டுபோய் விடுகிறான் என்பீர்கள். என் அம்மா கொழுந்தெடுத்தவர், வேறு உதாரணம் எனக்கு வராது. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் கங்காணி ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார். எந்தச் செடியில் எந்தக் கையை வைப்பது என்று அவர் சொல்லமாட்டார். ஒரு நிரை வேலை அடுத்த நிரைக்காகக் காத்திருப்பதும் இல்லை. அப்படிப்பட்ட லூப்புக்குத்தான் பணிப்பு பொருந்தும். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், நடப்பது வேறு. வாடாத கொழுந்தை அரைக்க முடியாது, அரைக்காததைப் புளிக்க வைக்க முடியாது. முந்தின சுற்றின் விடைக்காகக் காத்திருக்கும் லூப்புக்குப் 'பேரலல்' என்று போட்டால் தொகுப்பான் தட்டிக்கேட்காது, ஏனென்றால் அது நீங்கள் கொடுத்த வாக்குறுதி. விடை பிழையாக வரும், பிழை என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'கேர்னல்ஸ்' என்று இன்னொரு பணிப்பு உண்டு. அதைப் போட்டால் தொகுப்பான் தானே ஆராய்ந்து பார்த்து, சந்தேகமிருந்தால் பிரிக்காமல் விட்டுவிடும். பழகுகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

இனி என் கதை. சில வருடத்துக்கு முன், வேலை செய்த ஓரிடத்தில், மலைச்சரிவு மண்ணுக்குள் மழைநீர் எப்படி இறங்குகிறது என்று கணக்கிடும் நிரல் ஒன்று கையில் இருந்தது. 2014இல் மீரியபெத்தை மண்சரிவைப் பார்த்த பிறகு அந்தக் கணக்கில் எனக்கு ஒரு பிடிப்பு. சரிவைக் கட்டம் கட்டமாகப் பிரித்தால், ஒவ்வொரு கட்டத்தின் புது ஈரமும் பக்கத்துக் கட்டங்களின் பழைய ஈரத்திலிருந்து வரும். பழையதும் புதியதும் தனித்தனி அணியில், அதாவது தனித்தனி எண் வரிசையில், இருந்ததால் கட்டங்கள் ஒன்றுக்கொன்று காத்திருக்கத் தேவையில்லை. நல்ல லூப். பணிப்பைப் போட்டு ஓடவிட்டேன். கணினியின் சாதாரணக் கருவில் 4 நிமிடம் எடுத்த வேலை, ஜிபியுவில் 11 நிமிடம் எடுத்தது!

இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். நடந்தது இதுதான். ஜிபியுவின் நினைவகம் வேறு, கணினியின் நினைவகம் வேறு. ஒவ்வொரு கால அடியிலும் முழு அணியும் அங்கே போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறைப் பாதையில் ஒரு திசையில் வினாடிக்கு ஏறக்குறைய 16 ஜிகாபைட்தான் போகும். வி100 என்ற ஜிபியு தன் சொந்த நினைவகத்தோடு வினாடிக்கு 900 ஜிகாபைட் பேசும். 50 மடங்குக்கு மேல். ஒரு பிடி கொழுந்து கிள்ளி, அதைத் தூக்கிக்கொண்டு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு நடந்து, நிறுத்துவிட்டு, திரும்ப மலையேறி அடுத்த பிடி கிள்ளினால் எப்படி இருக்கும்? அதைத்தான் செய்துவைத்திருந்தேன்.

மருந்து ஒரு வரி. கால லூப்புக்கு வெளியே 'டேட்டா' பணிப்பு: ஆரம்பத்தில் ஒரு தடவை உள்ளே கொண்டுபோ, கடைசியில் ஒரு தடவை வெளியே கொண்டுவா. கணக்கு 20 வினாடிக்குள் முடிந்தது.

இன்னொரு சின்ன விஷயம். சரிவு முழுக்க எவ்வளவு நீர் என்று கூட்டும் இடத்தில் 'ரிடக்‌ஷன்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் விட்டால் ஆயிரம் கணக்குப்பிள்ளைகள் ஒரே கொப்பியில் ஒருவர் எழுதியதற்கு மேல் ஒருவர் எழுதுவார்கள். சேர்த்த பிறகும் கடைசி இலக்கங்கள் பழைய விடையிலிருந்து கொஞ்சம் விலகும். தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் வட்டமாக்கலும் மாறும், பயப்பட வேண்டாம்.

உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் ஜிபியு வாங்க அப்பா அம்மாவை நச்சரிக்கத் தேவையில்லை. என்விடியாவின் தொகுப்பான் இலவசம். அதே பணிப்புகளைச் சாதாரண மடிகணினியின் நான்கு கருக்களுக்கும் அது பிரித்துக் கொடுக்கும். ஜிசிசி என்ற இன்னொரு இலவசத் தொகுப்பான் ஓப்பன் ஏசிசி, ஓப்பன் எம்பி இரண்டையும் ஏற்கும். இன்று புதிதாகத் தொடங்குவதானால் நான் ஓப்பன் எம்பி பக்கம் சாய்வேன். ஏஎம்டி, இன்டெல் சில்லுகளிலும் ஓடுமே.

தொகுப்பான் ஒவ்வொரு லூப்பையும் என்ன செய்தது, எந்த அணியை எங்கே பிரதி எடுக்கிறது என்று கேட்டால் வரி இலக்கத்தோடு அறிக்கை தரும். என்னுடைய அந்த 11 நிமிட நிரலுக்கும் தந்திருந்தது. 'கொப்பி' என்று, சரியாக அந்த லூப்பின் வரி இலக்கத்தில். நான் வாசிக்காமல் திரையை மூடியிருந்தேன்.

வணக்கம்.