முதலில் சுவிட்சைப் போடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம். பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பற்றிப் பேசச் சொன்னால் நான் பத்து மணி நேரம் பேசுவேன் என்பது நிலையத்தாருக்குத் தெரியும். அதனால்தான் என் கண்ணெதிரே இவ்வளவு பெரிய கடிகாரத்தை வைத்திருக்கிறார்கள்.

பழைய கம்ப்யூட்டர் என்றதும் அறை நிறைய நிற்கும் இரும்பு அலமாரிகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது மேசைமேல் அடங்கியது. தடித்த தட்டச்சுப் பலகை ஒன்று; கம்ப்யூட்டர் முழுவதும் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். திரைக்கு வீட்டுத் தொலைக்காட்சி, சேமித்து வைக்கக் கேசட். 1982ஆம் ஆண்டு கமடோர் 64, ஸின்கிளேர் ஸ்பெக்ட்ரம் என்று இரண்டு வந்தன. கமடோரின் பெயரில் இருக்கும் 64 அதன் நினைவகத்தின் அளவு, 64 கிலோபைட். உங்கள் கைப்பேசியில் எடுக்கும் புகைப்படம் ஒன்றுக்குக்கூட அதில் இடம் போதாது. ஆனால் சுவிட்சைப் போட்டதும் நீலத் திரையில் தன் கையிருப்பைக் கணக்காகச் சொல்லிவிடும்: 38911 பைட் காலியாக இருக்கிறது, எடுத்துக்கொள் என்று. இன்றைக்கு எந்தக் கருவி இப்படிக் கடைசி பைட் வரை கணக்கு ஒப்பிக்கிறது?

சுவிட்சைப் போட்டதும் என்று சொல்லிவிட்டேன். அங்கேதான் வினை. பரணிலிருந்து இப்படி ஒன்றை இறக்கிய மனிதன் முதலில் என்ன செய்வான்? தூசியைத் தட்டுவான், கூடவே கிடக்கும் அடாப்டரைச் சுவரில் செருகுவான், சுவிட்சைப் போடுவான். செய்யாதீர்கள். இன்றைக்கு நான் பேசுவதில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். முதலில் சுவிட்சைப் போடாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானே போட்டேன். நண்பர் ஒருவர் தம்முடைய தந்தையின் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். தந்தை காலமாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அது எந்தக் கம்பெனியின் இயந்திரம் என்று சொல்லமாட்டேன். குற்றம் அதனுடையது அன்று. "ஒரு தடவை ஓடிப் பார்த்தால் போதும்" என்றார் நண்பர். எனக்கோ கை துறுதுறுவென்றது. பதறாத காரியம் சிதறாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். பத்து நிமிடத்துக்குள் தொலைக்காட்சியோடு இணைத்துச் சுவிட்சைப் போட்டுவிட்டேன். திரையில் எழுத்துகள் வந்தன. இருவரும் கைதட்டினோம். தட்டிய கை இறங்குவதற்குள் எழுத்துகள் கலைந்து சிதறின, திரை கறுத்தது. பிறகு எத்தனை தடவை போட்டாலும் கறுப்புதான்.

நண்பர் கோபித்துக்கொள்ளவில்லை. "பரவாயில்லை, பழசுதானே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவர் போன பிறகுதான் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்து அடாப்டரை அளந்தேன். 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 8க்கு மேல் வந்துகொண்டிருந்தது. விஷயம் இதுதான். அந்தக் காலத்துச் சிப்களில் பெரும்பாலானவற்றுக்குத் தேவை 5 வோல்ட். கால் வோல்ட் கூடக்குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளும். 7 வோல்ட்டைத் தாண்டினால் நினைவகச் சிப்கள் பிழைப்பது சந்தேகம். அந்த 5 வோல்ட்டைத் தாண்டவிடாமல் பிடித்துவைக்க அடாப்டருக்குள் ரெகுலேட்டர் என்று ஒரு காவல்காரன் இருக்கிறான். நாற்பது வருடம் வெந்து வெந்து அவன் கைவிட்டுவிட்டால், வருகிறதெல்லாம் அப்படியே உள்ளே பாயும். கமடோர் 64 வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய கதை. அதன் அடாப்டர்களில் பல, உள்ளே பிசின் ஊற்றி இறுக்கியவை; செங்கல் போல் கனக்கும், சூடும் வெளியேறாது, பிரித்துப் பழுதுபார்க்கவும் முடியாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் அதை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று செய்துகொள்கிறார்கள்.

ஆகவே முதலில் அடாப்டரை அளந்து பாருங்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சும்மா அளந்தால் சில அடாப்டர்கள் நல்ல பிள்ளை போல 5 காட்டும். ஒரு சிறு பல்பைச் சுமையாக மாட்டி, கால் மணி நேரம் விட்டு, மறுபடி அளந்து பாருங்கள். அப்போதுதான் சுயரூபம் தெரியும். ஸ்பெக்ட்ரம் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வார்த்தை. அதன் 9 வோல்ட் அடாப்டரில் நடுமுனைதான் எதிர்மின்முனை. இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. துளையில் பொருந்துகிறதே என்று எதையாவது செருகிவிடாதீர்கள். பிபிசி மைக்ரோ என்று 1981இல் ஒன்று வந்தது. ஆம், அதே பிபிசிதான், வானொலிக்காரர்கள் கம்ப்யூட்டருக்குப் பெயர் கொடுத்த காலம் ஒன்று உண்டு. அதன் உள்ளே மின்சாரம் நுழையும் இடத்தில் இருக்கும் காகிதக் கெப்பாசிட்டர் என்ற சிறு மின்னுறுப்பு வயதாகி விரிசல் விட்டு ஈரத்தைக் குடித்திருக்கும். சுவிட்சைப் போட்டால் சிறிது நேரத்தில் அறை நிறையப் புகை. இயந்திரம் பெரும்பாலும் தப்பித்துவிடும். வீட்டில் உங்கள் மரியாதை தப்பாது.

சரி, நண்பருடைய இயந்திரத்துக்கு வருவோம். அதைத் திறந்தால் நினைவகச் சிப்கள் எட்டு, வரிசையாக. எட்டு பேர் கைகோத்து நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் ஓர் எழுத்தை வைக்கச் சொன்னால் அதை எட்டுத் துண்டாக்கி ஆளுக்கு ஒரு துண்டு வைத்துக்கொள்வார்கள். கேட்கும்போது எட்டு பேரும் சேர்ந்து கொடுத்தால்தான் அது எழுத்து. ஒருவன் செத்தாலும் மற்ற ஏழு பேரால் பயனில்லை. செத்தவன் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விரல்தான். நல்ல அடாப்டரை மாட்டி, ஒரு நிமிடம் விட்டு, ஒவ்வொரு சிப்பாக விரல் நுனியால் தொட்டுப் பார்த்தேன். தொடுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்திவிட்டேன், கவலைப்படாதீர்கள். ஆறு வெதுவெதுப்பாக இருந்தன. மூன்றாவதும் ஏழாவதும் விரலைச் சுட்டன. எல்லாச் சாவும் இப்படிச் சூடாகத் தெரிவதில்லை. எனக்கு அன்று அதிர்ஷ்டம். ஒவ்வொரு சிப்புக்கும் பதினாறு கால்கள். பதினாறிலும் ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுத்து, அடியில் இருக்கும் செம்புத் தடம் பெயராமல் கழற்ற வேண்டும். இரண்டு சிப்புக்கு இரண்டு மாலைப்பொழுது ஆனது. அந்த இடத்தில் சாக்கெட் வைத்துப் புதியவற்றைப் பொருத்தினேன். அவசரப்பட்டது பத்து நிமிடம், அதற்குப் பரிகாரம் மூன்று வாரம்.

கீ போர்டைச் சுத்தம் செய்வது பற்றிக் கொஞ்சம். கட்டைகளைக் கழற்றுமுன் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். எது எங்கே இருந்தது என்று நினைவிருக்கும் என நம்பாதீர்கள். அடியில் இருக்கும் கரித் தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மெதுவாக ஒற்றி எடுத்தால் போதும். தேய்த்தால் கரியே வந்துவிடும். சிலர் மஞ்சளித்த உறையை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கச் செய்கிறார்கள். வெளுக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? சில மாதங்களில் மஞ்சள் திரும்பி வருவதும் உண்டு. நான் அதைத் தொடுவதில்லை. நாற்பது வயதுக்காரருக்கு எதற்குப் பவுடர் பூச்சு?

நண்பர் மறுபடி வந்தார். இந்தத் தடவை அடாப்டரை அவர் முன்னால் அளந்து காட்டிவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டேன். எழுத்துகள் வந்தன, நின்றன. நாங்கள் கைதட்டவில்லை, பயம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டே வரி தட்டினார். பத்து என்று எண்ணிட்ட வரியில் தந்தையின் பெயரை எழுதச் சொல்லும் கட்டளை, இருபது என்று எண்ணிட்ட வரியில் திரும்பவும் பத்துக்கே போ என்று. அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் முதலில் எழுதிப் பார்த்த நிரல் அது. பெயர் திரையில் வரிவரியாக மேலே ஏறிக்கொண்டே இருந்தது. நிறுத்தும் விசை எதுவென்று அவருக்கு மறந்துவிட்டது. நானும் சொல்லவில்லை.

கடிகாரம் என்னை முறைக்கிறது. தொலைக்காட்சியோடு இணைப்பது, டிஸ்க் டிரைவ் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். கேசட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அது வானொலிக்குச் சொந்தக்காரன். அதில் நிரல்கள் ஒலியாகத்தான் பதிந்திருக்கும். ஸ்பெக்ட்ரம் முழு நினைவகத்தையும் கேசட்டிலிருந்து நிரப்பிக்கொள்ள ஐந்து நிமிடம் பிடிக்கும். ஏறவில்லை என்றால் முதலில் டேப் ரெக்கார்டரின் ரப்பர் பெல்ட்டைப் பாருங்கள், பிறகு டேப்பைப் படிக்கும் ஹெட் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை ஒரு மயிரிழை திருப்பிப் பாருங்கள். ஒலி கூர்மையாகும்போது நிறுத்துங்கள்.

ஒலிதானே, அதை ஒலிபரப்பினால் என்ன என்று நெதர்லாந்து வானொலிக்குத் தோன்றியது. 1980களின் தொடக்கத்தில் ஹாபிஸ்கூப் என்ற நிகழ்ச்சியில் நிரல்களையே ஒலிபரப்பினார்கள். நேயர்கள் வீட்டில் டேப்பில் பதிந்து கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு கம்பெனியின் இயந்திரமும் ஒரு பாஷை பேசியதால், எல்லாவற்றுக்கும் புரிகிற மாதிரி பேசிகோடு என்று ஒரு பொது வழியும் வகுத்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். கேசட் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். பத்து விநாடி ஒலிபரப்ப அனுமதி கிடைத்திருக்கிறது. ஸ்பெக்ட்ரம் நிரல் ஒன்றின் தொடக்கம். முதலில் நீண்ட விசில், பிறகு ஒரே இரைச்சல். உங்கள் வானொலிப் பெட்டி கெட்டுப்போகவில்லை, தட்டாதீர்கள். இதோ.