போர்டு யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம். நான் வடசென்னையில் ஒரு மன்றத்தில் பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லித் தருபவன். போன மாதம் பேரன் கேட்டான்: "தாத்தா, நீங்க ஆடினா ஸ்போர்ட்ஸ், நான் ஆடினா செல்போன் பைத்தியமா?"

சுருக்கென்றது. ஏனென்றால் இதே கேள்வியை நான் வாங்கியவன். முதன்முதலாகக் கோப்பை ஜெயித்து வந்த அன்று அப்பா திண்ணையில் இருந்தார். "ஓடினியா? குதிச்சியா? உட்கார்ந்த இடத்துல கப்பு வாங்கிட்டு வந்திருக்கான்!" என்றார். கோப்பையில் அம்மா கடுகு கொட்டி வைத்தாள். பல வருடம் அது கடுகு டப்பாதான். 1996-க்கான அர்ஜுனா விருது நம்ம சென்னை மரிய இருதயத்துக்கு, கேரமுக்காகக் கிடைத்தது. பேப்பரில் பார்த்த அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் எங்கள் மன்றத்துக்கு ஒரு டின் பவுடர் வாங்கி வந்தார். கோப்பை மட்டும் அடுப்பங்கரையிலேயே இருந்தது, அது வேறு கதை.

ஆகவே வியர்வைக் கணக்கு வேண்டாம். செஸ்ஸுக்கு ஏது வியர்வை? 2022 டிசம்பரில் மத்திய அரசே மின்விளையாட்டை, அதாவது செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் போட்டியாக ஆடுவதை, விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டுவந்துவிட்டது. அடுத்த வருடம் ஹாங்சோ ஆசியப் போட்டியில் அதற்குப் பதக்கமும் கொடுத்தார்கள்.

என் சந்தேகம் வேறு. போர்டு யாருடையது? கேரமுக்கு முதலாளி கிடையாது. மன்றத்தைப் பூட்டினால் வாசலில் பலகையைப் போட்டு ஆடுவோம். செல்போனில் சுட்டு ஆடும் பப்ஜியை 2020 செப்டம்பரில் தடை செய்தார்கள். அதுவரை ராத்திரி பகலாகப் பழகிய பிள்ளைகள் எங்கே போவார்கள்? மறுவருடம் வேறு பெயரில் வந்தது, 2022-இல் மறுபடி காணாமல் போனது, 2023-இல் திரும்பியது. தடை போகட்டும். ஆட்டத்தில் வரும் துப்பாக்கியின் வலுவைக் கம்பெனி நினைத்த நாளில் மாற்றலாம். என் ஸ்ட்ரைக்கரின் எடையை ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றினால் நான் விடுவேனா? போர்டு யாருடையது, அதைக் கேளுங்கள்.

ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதை 2025 சட்டம் தனியாகப் பிரித்துத் தடுத்திருப்பதையும் விரிவாகச் சொல்ல வந்தேன். ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம். பேரனுக்குச் சொன்ன பதிலோடு நிறுத்துகிறேன்: "நீ ஆடுறதும் ஸ்போர்ட்ஸ்தான்டா. ஆனா பத்து மணிக்கு எங்க மன்றத்துலயும் லைட்டை அணைச்சிடுவோம்."

வணக்கம்.