ஒரே மேடையில் மெக்ஸிகோவும் மோட்ஸார்ட்டும்: எதைக் காது கொடுத்துக் கேட்கணும்?

[திரை கறுப்பு. ரெண்டு மரக்குச்சி மோதுற சத்தம் மட்டும்.]

இந்தச் சத்தம் கேக்குதா? உள்ளங்கையில அடங்குற ரெண்டு மரக்குச்சி. பேரு கிளேவ்ஸ். மேடையில அறுபது எழுபது பேர் வாத்தியத்தோட உக்காந்திருக்காங்க. ஆனா பாட்டுக்கு வழி விடுறது இந்தக் குச்சிதான். அதுக்கு மேல ஒரு கிளாரினெட் தனியா, அவசரமே இல்லாம பாட ஆரம்பிக்குது.

இது மெக்ஸிகோ இசையமைப்பாளர் ஆர்ட்டுரோ மார்க்கேஸ் எழுதின 'டான்ஸோன் எண் 2'. மெக்ஸிகோ சிட்டியில 1994ல முதல் தடவை வாசிச்சாங்க. பத்து நிமிஷப் பாட்டு.

[திரை: ஒரு கச்சேரி நிரல்.]

மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா கச்சேரியில இந்த மாதிரி மெக்ஸிகோ இசையையும் ஒரு பழைய பியானோ கான்செர்ட்டோவையும் (ஒரு பியானோவை முன்னால நிறுத்தி ஆர்கெஸ்ட்ரா கூடச் சேர்ந்து வாசிக்கிற இசை) சேர்த்து வைக்கிற வழக்கம் இருக்கு. கேக்க வர்றவங்க நிறைய பேர், கான்செர்ட்டோதான் சாப்பாடு, மெக்ஸிகோ பாட்டு தொட்டுக்க ஊறுகாய்னு நினைச்சுக்கிட்டு வர்றாங்க. எனக்கு அதுல துளியும் உடன்பாடு இல்ல. ரெண்டையும் ஒரே காதால கேக்க முடியும். எப்படின்னு காட்டுறதுக்காக நாமளே ஒரு நிரல் போட்டுக்கலாம். முதல்ல மோன்காயோவோட 'ஹுவாபாங்கோ', அடுத்து மோட்ஸார்ட்டோட 23ஆவது பியானோ கான்செர்ட்டோ, இடைவேளை, கடைசியா டான்ஸோன்.

[திரை: வெராக்ரூஸ் கடற்கரை. மரமேடையில ஆடுற கால்கள்.]

ஹோசே பாப்லோ மோன்காயோ ஒரு ஆர்கெஸ்ட்ராவுல தாள வாத்தியம் வாசிச்சவர். கார்லோஸ் சாவேஸ் நடத்தின ஆர்கெஸ்ட்ரா. நாட்டுப்புற மெட்டை வச்சு ஒரு பாட்டு எழுதித் தாப்பான்னு அவர்கிட்ட சாவேஸ் கேட்டார். மோன்காயோ நண்பர் பிளாஸ் கலிந்தோவோட வெராக்ரூஸ் மாநிலத்துல இருக்கிற அல்வரதோவுக்குப் போய், ஊர்ப் பாட்டுக்காரங்க பக்கத்துல உக்காந்து எழுதி எடுத்தார். அங்கதான் சிக்கல். ஒரு மெட்டை ஒருதடவை பாடின மாதிரி அவங்க மறுதடவை பாடவே இல்ல. எழுதுறவனுக்கு அது பெரிய தலைவலி. ஆனா அந்தப் பாட்டோட உயிரே அதுலதான் இருக்கு.

அப்படிக் கொண்டுவந்த மெட்டுகள்ல மூணை வச்சுக் கட்டினதுதான் ஹுவாபாங்கோ. 1941 ஆகஸ்ட்ல மெக்ஸிகோ சிட்டி பெல்லாஸ் ஆர்ட்டெஸ் அரங்கத்துல அரங்கேறினப்ப மோன்காயோவுக்கு வயசு 29.

இப்ப என்கூட கை தட்டுங்க. ஆறு தட்டு, அவ்வளவுதான்.

[ஒலி: கைதட்டல்.]

தகிட தகிட. மூணு மூணா ரெண்டு. சரியா? இப்ப அதே ஆறை வேற மாதிரி உடைக்கலாம். தக தக தக. ரெண்டு ரெண்டா மூணு. இப்ப ரெண்டையும் மாத்தி மாத்தி: தகிட தகிட, தக தக தக. தகிட தகிட, தக தக தக.

வேகம் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் கீழ இருக்கிற பலகை லேசா நகர்ந்த மாதிரி இருக்கு, இல்லையா? பலகைன்னு சும்மா சொல்லல. அந்த ஊர்ல மரமேடை மேல ஏறிக் காலைத் தட்டித்தான் ஆடுவாங்க. ஆடுறவங்க பாதமும் அங்க ஒரு வாத்தியம். மோன்காயோ அந்த மேடையை ஆர்கெஸ்ட்ராவுக்குள்ள கொண்டுவந்துட்டார். ஊர் யாழுக்குப் பதிலா ஆர்கெஸ்ட்ராவோட ஹார்ப். முடிவு நெருங்கும்போது டிரம்பெட்டும் டிரம்போனும் மாறி மாறி வாசிக்கும் பாருங்க, அது ரெண்டு பாட்டுக்காரங்க எதிரெதிர நின்னு எசப்பாட்டு பாடுற மாதிரியே இருக்கும்.

இந்த ஆறை மறந்துடாதீங்க.

[திரை: மேடையில நாற்காலிகளை ஒதுக்கி, பெரிய பியானோவை முன்னால தள்ளிட்டு வர்றாங்க.]

அடுத்தது மோட்ஸார்ட். 1786 மார்ச்ல வியன்னாவுல எழுதி முடிச்சது. ஆர்கெஸ்ட்ரா பாதியாச் சுருங்கிடும். டிரம்பெட் இல்ல, டிரம் இல்ல. ஓபோங்கிற ஊதுகுழல் வழக்கமா உக்கார்ற இடத்துல ரெண்டு கிளாரினெட். அன்னிக்குப் பல அரண்மனை ஆர்கெஸ்ட்ராக்கள்ல கிளாரினெட் வாசிக்க ஆளே கிடையாது. அதனால மோட்ஸார்ட் ஒரு கடிதத்துல, ஆள் இல்லைன்னா அந்த வரிகளை வயலினுக்கும் வயோலாவுக்கும் மாத்தி எழுதிக்கோங்கன்னு வழி சொல்றார். மாத்தலாம்தான். ஆனா அந்தக் கதகதப்பு போயிடும்.

பியானோக்காரர் வந்து உக்கார்றார். கையை மடியில வச்சுக்கிறார். 66 பார் (தாளச் சுற்று) வரைக்கும், ஏறக்குறைய ரெண்டு நிமிஷம், ஒரு ஸ்வரம்கூட வாசிக்க மாட்டார். ஆர்கெஸ்ட்ரா மெட்டுகளை ஒவ்வொண்ணா விரிச்சு வைக்கும், அவர் கேட்டுக்கிட்டே இருப்பார். இதை முன்னுரைன்னு நினைச்சுத் தாண்டிப் போகாதீங்க. அந்த ரெண்டு நிமிஷமும் அவர் முகத்தைப் பாருங்க. 67ஆவது பார்ல பியானோ வர்றப்ப, அதே மெட்டுதான். ஆனா எல்லாத்தையும் கேட்டுட்டுப் பேச வந்தவர் குரல்ல அது வருது.

ரெண்டாவது பகுதியில மோட்ஸார்ட் இதைத் தலைகீழாக்கிடுறார். இப்ப பியானோதான் தனியா ஆரம்பிக்குது, ஆர்கெஸ்ட்ரா காத்திருக்குது. எஃப் ஷார்ப் மைனர். அந்தச் சுருதியில மோட்ஸார்ட் வேற எந்தப் பகுதியும் எழுதல. தாளத்தை எண்ணிப் பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு.

[ஒலி: மெதுவான தகிட, தகிட.]

அதே ஆறு. அரைமணி நேரம் முன்னாடி பலகையில மிதிபட்ட ஆறு, இங்க மூச்சு மாதிரி இழையுது. மெக்ஸிகோவைக் கேட்டுட்டு வந்த காதுக்குத்தான் இது உடனே பிடிபடும். பியானோ முடிச்சதும் கிளாரினெட்டும் வயலினும் உள்ள வர்ற அந்த ஒரு இடத்துக்காகவே நான் இந்தக் கான்செர்ட்டோவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்குறேன்.

[திரை: இடைவேளை. பியானோவைப் பின்னால தள்ளுறாங்க.]

டான்ஸோன்லயும் பியானோ உண்டு. ஆனா இப்ப மூடி திறந்து முன்னால நிக்கிற ராஜா கிடையாது. பின்வரிசையில, தாளக்காரங்களோட ஆளா உக்காந்திருக்கு. ஆரம்பத்துல கிளாரினெட் பாடுறப்ப கிளேவ்ஸ் கூடவே சுருக்சுருக்குன்னு குத்துறது அதுதான்.

டான்ஸோன் கியூபாவுல பிறந்து கடல் தாண்டி மெக்ஸிகோவுக்கு வந்த ஜோடி நடனம். வெராக்ரூஸ் சதுக்கத்துல வயசானவங்க வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு இன்னமும் ஆடுறாங்க. அதுல ஒரு முறை இருக்கு. ஆரம்ப மெட்டு வாசிக்கும்போது யாரும் ஆட மாட்டாங்க. ஜோடி ஜோடியா நின்னு கேப்பாங்க, பெண்கள் விசிறிக்குவாங்க. அந்த மெட்டு நடுவுல திரும்பி வந்தா மறுபடி நிப்பாங்க. முடிஞ்ச அந்தத் தட்டுலதான் கால் நகரும்.

பாதம் தரையில இருக்கு, விசிறி அசையுது, காது மட்டும் வேலை செய்யுது. மடியில கை வச்சிருந்த பியானோக்காரர் ஞாபகம் வர்றாரா?

இனி நான் பேசல. கிளாரினெட் முடிச்சதும் ஓபோ சேரும். அதுவரைக்கும் நீங்களும் அசையாம கேளுங்க.

[ஒலி: கிளேவ்ஸ். நாலு நொடி கழிச்சு, கிளாரினெட்.]