வெந்நீர், பால், காப்பி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

காப்பிக் கடையில் அமர்ந்து மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருப்பது மனத்தை வளர்க்கிறது என்று பேச வந்தேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பரோ, "அடுத்தவர் வாழ்க்கை இவர்களுக்கு ஓசியில் ஓடும் சினிமா" என்று சொல்லி உங்கள் கைதட்டலைப் பெற்றுவிட்டார். அந்த ஒரு சொல்லுக்கு விடை சொல்லாமல் நான் வேறு எதற்கும் போவதாக இல்லை.

மதுரை கோரிப்பாளையத்தில், பெரியாஸ்பத்திரிக்கு அருகே ஒரு காப்பிக் கடையில், விடியற்காலையில் ஓர் இளைஞரைப் பார்த்தேன். கையில் ஃபிளாஸ்க், அதில் வெந்நீர் மட்டும் கேட்டு வாங்கிப் போனார். மறுநாளும் அதே சட்டை, அதே வெந்நீர். நான்காம் நாள், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த பால், சீனி வேண்டாம் என்றார். ஆறாம் நாள் முகம் மழித்து, சட்டை மாற்றி வந்தவர், நல்ல பாலே கேட்டார். ஒன்பதாம் நாள், "அண்ணே, காப்பி. டிகாஷன் தூக்கலா வேணும், அம்மா கேட்கிறாங்க" என்றார்.

நடுவர் அவர்களே, அந்த வரிசையை இன்னொரு முறை சொல்ல அனுமதியுங்கள். வெந்நீர், தண்ணீர்ப் பால், பால், காப்பி. உள்ளே படுத்திருந்த அந்தத் தாயை நான் பார்த்ததே இல்லை. ஆயினும் அவர் ஒவ்வொரு படியாக உயிர் தேறி வந்ததை அந்த ஃபிளாஸ்கில் பார்த்தேன். "அம்மா கேட்கிறாங்க" என்ற சொல் காதில் விழுந்ததும், மாஸ்டர் கையிலிருந்த டிகாஷனைத் தள்ளி வைத்துவிட்டு, புதிதாக இறங்கியிருந்த முதல் டிகாஷனை எடுத்து ஊற்றினார். ஒன்பது நாளும் அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்!

சினிமா என்றீர்களே, நண்பரே, திரையில் இருப்பவர் நம்மைத் திரும்பிப் பார்ப்பதுண்டா? காப்பிக் கடையில் பார்க்கிறவரும் பார்க்கப்படுகிறார். அப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அமர்வதே இந்த மண்ணில் எளிதில் கிடைத்துவிடவில்லை. சாதி பார்த்து இடம் பிரித்த காப்பி ஓட்டல்கள் இங்கே இருந்தன. 1957-இல் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் போராட்டம் நடத்த, அதற்காகப் பலர் சிறை சென்றார்கள். யார் வேண்டுமானாலும் யார் பக்கத்திலும் அமரலாம் என்ற நிலைக்குப் பின்னால் அத்தனை பேருடைய வலி இருக்கிறது. அந்த இருக்கையில் அமர்ந்து பக்கத்து மனிதரை ஏறெடுத்துப் பார்ப்பதைப் பொழுதுபோக்கு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, அதே கடையில் நானும் ஃபிளாஸ்கோடு நின்றேன். உள்ளே இருந்தவர் என் தந்தையார். முதல் நாள் வெந்நீர். இரண்டாம் நாள் வெந்நீர். ஐந்தாம் நாளும் வெந்நீர்தான். பாலுக்கு நாங்கள் போகவே இல்லை.

ஏழாம் நாள் விடியலில், வெறுங்கையோடு போய் ஓரமாக அமர்ந்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. மாஸ்டர் என் கையைப் பார்த்தார். முதல் டிகாஷனில் ஒரு காப்பி போட்டு, கல்லாவைத் தாண்டித் தாமே எடுத்து வந்து, என் முன்னால் வைத்தார். நான் பையில் கைவிட்டபோது, "குடிங்க தம்பி" என்று தோளைத் தொட்டுவிட்டு, அடுப்பருகே திரும்பிப் போனார்.